கோட்டுக்காரரின் கேள்விகள்

நேர்காணலுக்கு சோடா பாட்டிலோடு வந்தவன், செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று அதில் உப்பைக் கொட்ட, பொங்கிய நுரை எதிரே உட்கார்ந்திருந்த கோட்டுக்காரரின் மடியில் வழிந்தது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க சார்!"

"பரவாயில்ல. ஏன் பொங்குச்சு?"

"உப்புத்துகள்மேல குமிழி சட்டுனு உருவாகும் சார். அதோட, உப்பு ஏற ஏற தண்ணியில வாயு கரையறதும் குறையும். பூமிக்கடியில கரியமில வாயுவைச் சேமிக்கணும்னா, அங்க இருக்கிற உப்புத்தண்ணி எவ்வளவு கரைச்சுக்கும்னு முன்னாடியே கணிக்கணும்."

"உப்பை மட்டும் பார்த்தா போதுமா?"

"சூடு, அழுத்தம் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும் சார்."

அவர் தலையாட்டினார். அது வேலை உண்டு என்பதா, இல்லை என்பதா? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கதவு திறந்தது. "அடுத்த ஆள் உள்ள வரலாம்" என்றது ஒரு குரல். கோட்டுக்காரர் எழுந்தார்.

"சார், நீங்க...?"

"நானும் இந்த வேலைக்குத்தான் தம்பி வந்திருக்கேன். ஒண்ணுமே படிக்காம வந்துட்டேனேன்னு நடுங்கிட்டு இருந்தேன். நீங்க நல்லா இருக்கணும்!"