நாலு கிழமை

"போன நாலு கிழமையிலை, இந்த ஒரு மாசத்துக்கை, ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் நித்திரை கொண்டனீங்கள் அக்கா?"

"எட்டு. சில நாள் ஒன்பதும்."

கீர்த்திகாவின் பேனை நின்றது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டெழுத, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறி மானிப்பாய்க்கு வந்திருந்தாள். இது பத்தொன்பதாவது வீடு. முந்தைய பதினெட்டு வீடுகளில் எந்தத் தாயும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியதாகச் சொல்லவில்லை.

"எட்டு எண்டு எழுதவோ?"

"எழுதும் தங்கச்சி. நான் பொய்யோ சொல்லுறன்?"

விறாந்தையில் எதிரே இருந்த உதயகலா, பதினாலு வயது ஆரபியின் தாய். படிவத்தின்படி ஆரபிக்குக் கழுத்து நிற்காது, நடக்க முடியாது, பேச்சும் இல்லை. கழுத்தைத் தாங்கும் சக்கரக் கதிரை கேட்டு ஆறு வருடங்களுக்கு முன்பே பெயர் பதிந்த குடும்பம். இப்போது ஒருவழியாக மூன்று கதிரைகள் வந்திருக்கின்றன. இந்தப் படிவத்தில் யாருக்குத் துன்பம் அதிகம் என்று தெரிகிறதோ, அவர்களுக்குத்தான் அவை.

"பிள்ளையைத் தூக்கித் தூக்கி வாற நாரி நோ?"

"குறைஞ்சிட்டுது. இப்ப நிமிர்ந்து நடக்கிறன்."

"சமையல், வீட்டு வேலை?"

"முதல் கிழமை முழுக்க நான் அடுப்படிக்கே போகேல்லை. அயலுக்கை இருந்து மாறி மாறிச் சாப்பாடு வந்தது."

"சொந்தக்காரர் வந்து பாக்கிறவையோ?"

உதயகலா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"வீடு கொள்ளாத சனம். என்ரை மச்சாளும் வந்தவ. தன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு 'உந்தப் பிள்ளையைக் கொண்டு வராதை'யெண்டு சொன்ன அதே மச்சாள். வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவ!"

முற்றத்து மாமரத்தின் கீழ் வாடகைக் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. ஏதோ விசேசம் நடந்திருக்கிறது என்று கீர்த்திகா நினைத்துக்கொண்டாள்.

"ஆரபியின்ரை அப்பா உங்களுக்கு உதவியா இருக்கிறவரோ?"

"முந்தியெல்லாம் வீட்டிலை இருக்க ஏலாமல், இருட்டினாப் பிறகுதான் படலை திறப்பார். இப்ப வேலைக்கும் போகாமல் எனக்குப் பக்கத்திலையே இருக்கிறார்."

"குடும்பமா எங்கையாவது வெளியிலை போனனீங்களோ?"

"முந்தநாள் வான் பிடிச்சுக் கீரிமலைக் கடலுக்குப் போனனாங்கள்."

'உல்லாசப் பயணம்' என்ற பெட்டியில் கீர்த்திகா சரி போட்டாள். புள்ளிகளைக் கூட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பல்கலைக்கழகத்தில் இவளுக்குப் பாடம் எடுப்பவர்களுக்குக்கூட இப்படியொரு வாழ்க்கை இருக்காது.

"அக்கா, வெக்கத்துக்குப் பொய் சொல்லாதேங்கோ. உந்தப் புள்ளியோடை ஆரபிக்குக் கதிரை கிடையாது. ஆறு வருசம் காத்திருந்தனீங்கள்!"

"அப்ப வேறை ஆருக்கும் குடுங்கோ."

எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டாள்! கீர்த்திகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வந்து அரை மணித்தியாலமாகிறது. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"பிள்ளை எங்கை? எங்கையாவது இல்லத்திலை கொண்டுபோய்த் தள்ளிப்போட்டியளோ? அதுதான் இந்த நித்திரையும் சாப்பாடுமோ? கீரிமலைக்குச் சந்தோசமாப் போகேக்கை அவளை ஆரிட்டை விட்டிட்டுப் போனனீங்கள்?"

உதயகலா கோபிக்கவில்லை. கீர்த்திகாவின் மடியில் கிடந்த படிவத்தை விரலால் தொட்டாள்.

"இதிலை நாலு கிழமையைத்தானே கேட்டுக் கிடக்கு. அதுக்கு முந்தின பதினாலு வருசத்தையும் கேக்க இந்தப் படலைக்குள்ளை ஆரும் வரேல்லைத் தங்கச்சி."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. அவளை ஆரிட்டை விட்டனீங்கள்?"

"ஆரிட்டையும் விடேல்லை. அவளையும் கொண்டுதான் போனனாங்கள்."

உதயகலா இரண்டு கைகளையும் ஒரு தேங்காய் அளவுக்குக் குவித்துக் காட்டினாள்.

"சாம்பல் கொஞ்சந்தான், இவ்வளவு மண்முட்டி. கதிரை ஒண்டும் தேவைப்படேல்லை. கடல் வரைக்கும் தகப்பன்ரை மடியிலையே வந்தவள்."