இமயமலைப் பூ

"நீலா, ஒன் தம்பி குடுத்த இமயமலைப் பூ பூத்துடுச்சு!"

பீங்கான் கம்பெனி மேஸ்திரி தெய்வநாயகம் தெருவையே கூட்டிவிட்டார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மச்சான் கொடுத்த அபூர்வ விதை அல்லவா!

காலேஜ் தாவரவியல் வாத்தியார் மஞ்சள் பூவை முகர்ந்தார். "கடுகுக் குடும்பம்..."

"மச்சானும் அதத்தாங்க சொன்னான்!"

"நான் முடிக்கலைங்க. இது சமையல் கடுகேதான்."

தெரு சிரித்தது. "ஒன் தம்பி இனிமே இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது!" என்று மனைவி மேல் பாய்ந்தார் தெய்வநாயகம்.

"விதைய எதுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் நீலாவதி.

"அடுக்களையில, வெள்ளை ஜாடியில."

கம்பெனியில் கழித்துப்போட்ட ஜாடிகளாகக் கொண்டுவந்து அடுக்கியவர் அவர்தான். எல்லாம் ஒரே அச்சு.

நீலாவதி பெருமூச்சு விட்டாள். "போன மாசம் தாளிக்கிறப்ப கடுகு வெடிக்கவே இல்லீங்க. ரசம் புது வாசமா இருக்குதுன்னு டம்ளர் டம்ளரா வாங்கிக் குடிச்சீங்களே, அதுதான் இமயமலை!"