சரியாகிவிட்டது, நன்றி!

தோப்பில் மரத்துக்கு எத்தனை கொய்யா காய்த்திருக்கிறது என்று எண்ணிக் கணினியில் ஏற்றுவது அணிலின் வேலை. ஒரு நாள் புள்ளியியல் மென்பொருள், மரத்துக்குச் சராசரி நானூறு என்றது. அவ்வளவு காய்க்கிற மரம் அந்தத் தோப்பிலேயே கிடையாது.

புள்ளிவிவரக்காரர்கள் எல்லோரும் கூடும் இணையக் குழுவில் அணில் அழாத குறையாகக் கேட்டது. கேள்வியை எழுதி முடித்ததுமே தப்பு எங்கே என்று அதற்கே தெரிந்துவிட்டது. "சரியாகிவிட்டது, நன்றி!" என்று கீழே போட்டுவிட்டுக் குதித்தோடியது.

அடுத்த வருஷமும் அதே நானூறு வந்தது. முன்பு இப்படி ஆனதே அணிலுக்கு நினைவில்லை. குழுவில் தேடியபோது யாரோ அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஆசையாய்ப் பதிலைப் பார்த்தது. "சரியாகிவிட்டது, நன்றி!"

"எப்படின்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா, படுபாவி!" என்று கத்திய அணில், எழுதியவர் பெயரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

அதன் கீழே ஒரு மைனா எழுதியிருந்தது: "எனக்குக் கூட்டுக்கு நானூறு முட்டை காட்டுகிறது. எப்படிச் சரிசெய்தீர்கள், அணிலண்ணா?"

அணில் காலை முழுக்க உட்கார்ந்து தேடியது. மழையில் எண்ணாமல் விட்ட மரங்களுக்கு அடையாளமாக 999 என்று போட்டிருந்தது. மென்பொருள் அதையும் பழமென்று நினைத்துக் கூட்டியிருந்தது. இந்தத் தடவை அதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிப் போட்டது.

ஒரே நிமிடத்தில் மைனா பதில் போட்டது: "ரொம்ப நன்றி அண்ணா. ஒரு வருஷமா நான் இந்தப் பக்கத்தை மூடவே இல்லை."