விற்ற வண்டி

மகன் சந்திரன் துபாய் போகும்போது அவனுடைய பழைய ஜப்பான் பந்தயக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். நாடெங்கும் தேடினாலும் கிடைக்காத வண்டியாம். எவனாவது திருடிவிடுவான் என்று எங்கள் மலையூர் புதூர்நாட்டை விட்டு நான் அசையவே இல்லை. விற்றுத் தொலை என்று அவனே சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இனி கண்ணமங்கலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடலாம்.

வாணியம்பாடியில் பழைய கார் வியாபாரம் செய்யும் ஃபுர்கான் வந்து வாங்கினான். ஒரு சாவியைக் கொடுத்தேன்.

"இன்னொன்னு இருக்குதே?"

"மாடு வித்தா கயித்த குடுக்க மாட்டோம். அது வூட்டோட இருக்கணும்."

"இது இன்னா பால் கறக்குதா, பெரியவரே?" என்று சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனான்.

மறுநாள் காலையில் அந்த இன்னொரு சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் பையோடு கிளம்பினேன். கதவு திறக்கவில்லை. வீட்டுக்கு ஒரே கதவு, அது வெளிப்பக்கமாகத் திறப்பது. சன்னல் கம்பி வழியே பார்த்தேன். அதே கார், மூக்கைக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஆள் இல்லை.

ஃபுர்கானுக்குப் போன் போட்டேன்.

"வண்டிய ஏம்பா என் கதவாண்ட வுட்டுட்டுப் போன?"

"வண்டி என் ஷெட்ல நிக்குதுங்க. அதுக்குள்ளதான் உக்காந்துனு இருக்கேன்."

வியாபாரி பேச்சை எவன் நம்புவான்?

"அப்டின்னா ஹாரன் அடி."

அடித்தான். என் கதவுக்கு வெளியே அலறியது.

"கேட்டுச்சா, பெரியவரே?"

"கேட்டுச்சு. கொஞ்சம் பின்னால எடுப்பா."

"பின்னால செவுருங்க. முன்னால வேணா எடுக்கறேன், போதுமா?"

வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே என்ஜின் உறுமியது. கதவுப் பலகை மெல்ல உள்ளே வளையத் தொடங்கியது.