உள்ளே போகாத பிலிம்

"துளி வெளிச்சம் பட்டாலும் பிலிம் நாசமாப் போயிரும். கதவைத் திறந்திராத!"

கும்மிருட்டான குளியலறைக்குள்ளிருந்து மேர்வின் கத்தினான். அவனுடைய பெரிய கமராவுக்குத் தாள் தாளாக வரும் பிலிமை, பக்கத்துக்கு ஒன்றாக, ஹோல்டர் என்ற தட்டையான மூடுசட்டத்துக்குள் இருட்டிலேயே செருக வேண்டும். இன்று நுனி நுழைந்ததுமே முட்டிக்கொண்டு நின்றது.

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க," என்றாள் வெளியே நின்ற மனைவி சர்மிளா.

"இது இருட்டுக்குள்ள தடவிச் செய்யிற வேலை. உனக்கு ஏலாதெண்டு எத்தனை தரம் சொல்லிட்டன்!"

"படமெடுக்கக் கூட்டிப் போக பனிச்சங்கேணியில தோணிக்காரர் நம்மளப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"நிக்கட்டும். பிலிமைப் பிழையா வெட்டி அனுப்பியிருக்கானுகள். நான் விடமாட்டன்."

கத்தரிக்கோலால் ஓரத்தை மயிரிழையளவு நறுக்கினான். போகவில்லை. இன்னும் ஒரு மயிரிழை. ஆறு ஹோல்டரிலும் முயன்றான். ஆறிலும் அதே கதை. நாலு பிலிம் வீணானபின்தான் ஹோல்டருக்குள் விரலை விட்டுப் பார்த்தான். வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

உள்ளே ஏற்கெனவே ஒரு பிலிம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"சர்மிளா... இதுக்குள்ள ஆர் பிலிம் போட்டது?"

"நான்தான். நேற்று நீங்க செங்கலடிக்குப் போயிருந்த நேரம் போட்டன். ஆறிலயும், ரெண்டு பக்கமும். அதத்தானே விடியத்திலிருந்து சொல்ல வாறன்."

மேர்வின் ஹோல்டர்களை மூடிவிட்டு மெல்லக் கதவைத் திறந்தான். சர்மிளா அவற்றை வாங்கித் தன் பையில் அடுக்கிக்கொண்டாள்.

"கமராவ நீங்க தூக்குங்க," என்றாள். "இண்டைக்குப் படம் நான் எடுக்கிறன்."