மூன்று மூட்டை உப்பு

மண் காப்பு வட்டத்து அலுவலர் கதிர்வடிவேல் படலைத் திறந்துகொண்டு வந்தபோதே துளசிமணி எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டாள். மண்ணில் உப்பேறினால் காட்டிக்கொடுக்க வட்டத்தார் தோட்டம் முழுக்க நட்டிருந்த உணர்கம்பிகளில், வேப்பமரத்தடிக் கம்பி மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்க அக்கா. இந்த எடத்துல மட்டும் உப்பு ஏறியிருக்குது. நாளைக்குக் காத்தால மிஷின் வந்து ஆறடி மண்ணை அள்ளிட்டு நல்ல மண்ணு கொட்டிரும். உங்களுக்குச் செலவே இல்லீங்க."

அந்த ஆறடிக்குள்தான் அவள் புருஷன் நாச்சிமுத்து இருந்தார். மண் காப்பு வட்டத்தில் சேர்ந்த நிலத்தில் பிணம் புதைக்கக் கூடாது. தெரிந்தால் தோண்டியெடுத்து எரித்துவிடுவார்கள். ஆனால் சொந்த மண்ணில்தான் கிடக்க வேண்டும் என்று சாகும்போது அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். ஊருக்கு மின்தகனம் என்று சொல்லிவிட்டு, அவளும் அவள் தம்பியும் குழி வெட்டினார்கள். திருட்டுத்தனமாகப் புதைத்தாலும் முறை தவறக் கூடாதென்று, உடம்பைச் சுற்றி மூன்று மூட்டை உப்பைக் கொட்டியது அவள்தான்.

"தோண்டாம விட முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"தோட்டம் பூரா உப்பாயிருந்தா தோண்ட மாட்டோமுங்க. இனி தேறாதுன்னு எழுதிட்டுப் போயிருவோம். உங்களுக்கு அந்தக் கொடுமை இல்லீங்க" என்று சிரித்தபடி கதிர்வடிவேல் வண்டியேறினார்.

பொழுது சாய்வதற்குள் நாற்பது மூட்டை உப்பு வந்து இறங்கியது. நாச்சிமுத்து முப்பது வருஷம் தழையும் சாணமும் போட்டுப் பக்குவப்படுத்திய மண். அவர் கடைசியாக விதைத்த சோளத்தின்மேல் துளசிமணி உப்பை வீசி, மடையைத் திறந்துவிட்டாள்.

கம்பிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. வேப்பமரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.