போனஸ் பாயின்ட்

“என் ஒய்ஃபுக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கணும். ரூம் நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்” என்றான் அவன். கையில் ரோஜாக் கொத்து. முகத்தில் நல்ல சிரிப்பு.

ரிசப்ஷனில் இருந்த பெண் தயங்கினாள். “சாரி சார். தங்கியிருக்கறவங்க ரூம் நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாது.”

“யாருக்கும்னா? புக்கிங்கே என் அக்கவுண்ட்லதாங்க இருக்கு.”

செல்போனை அவள் பக்கம் திருப்பினான். விமானக் கம்பெனியிலிருந்து வந்த மெயில். அவனுடைய விலை உத்தரவாதக் கோரிக்கை ஏற்கப்பட்டது, வித்தியாசத் தொகை திரும்பக் கிடைக்கும், போனஸ் பாயின்ட் கணக்கில் சேர்ந்துவிட்டது என்றெல்லாம் இருந்தது. கீழே இந்த ஹோட்டலின் பெயரும் இன்றைய தேதியும்.

அவள் இரண்டு முறை படித்தாள். “மெம்பர் நீங்கதான் சார். ஆனா ரூம்ல இருக்கறது மேடம். அவங்களைக் கேட்காம அனுப்ப முடியாது.”

“கேட்டுட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?”

சிரிப்பு மாறவில்லை. கவுன்டரின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

காலையில் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய மனைவி வீடு திரும்பவில்லை. அவளுடைய செல்போன் சமையலறையிலேயே கிடந்தது. போன தடவை அவள் ஓடியபோது பஸ் நிலையத்தில் பிடித்து இழுத்து வந்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, கையில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்ததும் அவனேதான். படுக்கையறைக் கதவுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் வந்தது அதற்கப்புறம்.

இன்றும் முதலில் பஸ் நிலையத்தைத்தான் சல்லடை போட்டுச் சலித்தான். அங்கே இல்லை. விமான நிலையத்துக்குப் பாதி வழி போயிருந்தபோது இந்த மெயில் வந்தது. சட்டென்று காரைத் திருப்பினான். ஹோட்டல் வேறு ஊரில், எதிர்த் திசையில் இருந்தது. வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சேர்த்துவைத்தால் இலவச டிக்கெட்டாக மாறும் அந்தப் பாயின்ட் என்றால் அவனுக்கு உயிர். தேனிலவுக்கு எந்த ஊர் என்பதைக்கூடப் பாயின்ட்தான் முடிவு செய்தது. எங்கே தங்கினாலும் அந்த விமானக் கம்பெனியின் வெப்சைட் வழியாகத்தான் ரூம் போட வேண்டும். அதே ரூம், அதே தேதிக்கு வேறு எங்கேயாவது மலிவாக இருக்கிறதா என்று உட்கார்ந்து தேடி, ஆதாரத்தோடு எழுதி அனுப்பி, போனஸ் பாயின்ட் வாங்குவது மனைவியின் வேலை.

“நேரா ஹோட்டல்லயே கேட்டா இதைவிடக் குறைச்சலா கொடுப்பாங்களே” என்று ஒரு தடவை அவள் சொல்லிப் பார்த்தாள்.

“அவன் பாயின்ட் கொடுப்பானா?” என்று அவன் கேட்ட கேட்பில், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓடிப்போகிற அவசரத்திலும் பழக்கம் விடவில்லையே என்று வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

ரிசப்ஷன் பெண் ஃபோனை எடுத்தாள். “மேடம், உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்... ஆமா, பூவெல்லாம் கொண்டுவந்திருக்கார்...”

அவன் பார்வை லிஃப்ட், படிக்கட்டு, வாசல் என்று மாறி மாறி ஓடியது. எந்தப் பக்கமாக இறங்கி ஓடினாலும் இரண்டே எட்டில் பிடித்துவிடலாம்.

அவள் ஃபோனை வைத்தாள். “மேலே வரச் சொல்றாங்க சார். மூணாவது மாடி, லிஃப்ட்டை ஒட்டின ரூம். முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாதுன்னு அதைத்தான் கேட்டு வாங்கினாங்க.”

வரச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “முட்டி வலியா? நல்லா நடிப்பாங்க” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு நகர்ந்தான்.

லிஃப்ட் கதவு மூடியதும் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

மாடியில் ஆள் நடமாட்டமே இல்லை. கதவை மெதுவாகத் தட்டினான். உள்ளே டி.வி. சத்தம் நின்றது.

“நான்தான். திற.”

கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. யாரோ உற்றுப் பார்க்கிறார்கள்.

“கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், வா.”

கண்ணாடித் துளையில் மறுபடியும் வெளிச்சம் தெரிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

குரலைத் தணித்தான். “கத்தி ஊரைக் கூட்டினே, அப்புறம் இன்னொரு கையும் போயிடும். இந்தத் தடவை மருந்துக்கடைக்குக்கூட வெளியே விடமாட்டேன். உங்க அம்மாவாலகூட உன்னைக் காப்பாத்த முடியாது, பார்த்துக்கோ.”

உள்ளே எதுவோ உரசியது. அவன் காதைக் கதவில் வைத்தான். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவன் மனம் குளிர்ந்தது.

“எங்கே ஓடினாலும் எனக்குத் தெரியாம போயிடுமா? அல்பமா பாயின்ட்டுக்கு ஆசைப்பட்டு நீயே மாட்டிக்கிட்டியேடி!”

சங்கிலி கழன்றது. தாழ்ப்பாள் விலகியது. பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, கதவு மறுபடி சாத்த முடியாதபடி ஷூ காலை இடுக்கில் நுழைத்தான்.

அதற்குத் தேவையே இருக்கவில்லை. கதவு தானாக, அகலத் திறந்தது.

“வாங்க மாப்பிள்ளை. என் பொண்ணு மத்தியானமே பாயின்ட் தராத ஒரு ஃப்ளைட்ல போயிட்டா.”